சீட்டில் கோனியோசஸ், குப்பியில் பிராக்கான்: தென்னை ஒட்டுண்ணிக் குளவி வாங்கியவனின் மதிப்புரை

கண்டனூருக்கும் புதுவயலுக்கும் இடையில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு சிறிய தென்னந்தோப்பு உண்டு. மொத்தம் 64 மரங்கள். மாசி மாதக் கடைசியில் பாதிக்கு மேற்பட்ட மரங்களில் அடி மட்டைகள் தீயில் வாட்டியெடுத்தது போலக் கருகித் தொங்கின. செம்புறாங்கல் கலந்த எங்கள் பக்கத்து மண்ணில் கோடை தொடங்கினாலே மட்டை காய்வது வழக்கம் என்பதால், தண்ணீர் போதவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். மரம் ஏறும் அண்ணன் ஒரு மட்டையை வெட்டிப் போட்டு, கீற்றைப் புரட்டிக் காட்டிய பிறகுதான் விஷயம் புரிந்தது. கீற்றின் அடிப்பக்கம் முழுவதும் எச்சமும் நூலும் சேர்த்துப் பின்னிய நீண்ட கூடுகள். ஒன்றைக் கீறியபோது உள்ளேயிருந்து கருந்தலையும் உடலில் பழுப்புக் கோடுகளும் கொண்ட பச்சைப் புழு ஒன்று துள்ளிக் கீழே விழுந்தது. “கருந்தலைப் புழு, தம்பி. மருந்து அடிச்சா மேல எட்டாது, குளவி வாங்கி விடுங்க” என்றார் அவர்.

அந்தக் குளவியைப் பற்றியும், அதை எனக்கு விற்ற தனியார் உற்பத்திக்கூடத்தைப் பற்றியும் எழுதுவதே இந்த மதிப்புரையின் நோக்கம். நிறுவனத்தின் பெயரை நான் குறிப்பிடப் போவதில்லை. அவர்கள் செய்த பிழை இந்தத் தொழிலில் யாருக்கும் நேரக்கூடியது. அந்தப் பிழையைக் கண்டுபிடிக்கும் வழிதான் வாங்குபவர்களுக்குத் தேவை. கல்லூரியில் மூன்றாண்டுகள் விலங்கியல் படித்துவிட்டுப் பிறகு வேறு தொழிலுக்குப் போனவன் நான். அந்தப் படிப்பு முதன்முறையாகப் பணத்தை மிச்சப்படுத்திக் கொடுத்தது இந்த விவகாரத்தில்தான்.

பொருள் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். கோனியோசஸ் நெஃபாண்டிடிஸ் என்பது பெத்திலிட் குடும்பத்தைச் சேர்ந்த புழு ஒட்டுண்ணி. கருந்தலைப் புழுவைத் தேடிச் சென்று கொட்டி மயக்கி, அதன் மேல் முட்டையிட்டு, தன் குஞ்சுகளுக்கு அதையே உணவாக்கும் சிறு குளவி அது. மனிதரைத் தொல்லை செய்வதில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கருந்தலைப் புழுவுக்குப் பரிந்துரைக்கும் ஒட்டுண்ணிகளில் முதன்மையானது இதுவே. புழு இரண்டாம், மூன்றாம் பருவத்தில் இருக்கும்போது ஹெக்டேருக்கு 3000 குளவிகள் என்ற கணக்கில் விட வேண்டும் என்பது அதன் பரிந்துரை; தாக்கப்பட்ட மரம் ஒன்றுக்கு 20 என்ற கணக்கும் தென்னை விவசாயிகளிடம் புழக்கத்தில் உள்ளது. எங்கள் தோப்பில் பாதிக்கப்பட்டவை 40 மரங்கள் என்பதால் 800 குளவிகள் தேவைப்பட்டன. நூறு கொண்ட குப்பிகளாக எட்டு வாங்கினேன்.

முதல் தவணையைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. கூரியர்காரர் காலை பத்து மணிக்குள் கொண்டுவந்து கொடுத்தார்; பொதி தெர்மோகோல் பெட்டியில், ஐஸ் பை வைத்து, நடுவில் செய்தித்தாள் சுற்றி வந்திருந்தது. ஒவ்வொரு கண்ணாடிக் குப்பியின் வாயிலும் பஞ்சு அடைப்பு; உள்ளே ஒரு காகிதத் துண்டில் தேன் கோடு இழுத்திருந்தார்கள். தேன் துளியாக இல்லாமல் மெல்லிய கோடாக இருந்தது நல்ல கை என்பதைக் காட்டியது, ஏனெனில் துளியாக விட்டால் இந்த அளவுள்ள பூச்சி அதிலேயே ஒட்டிச் செத்துவிடும். பூச்சியின் விலையும் அனுப்பும் செலவும் ஏறக்குறைய ஒன்றாக வந்தது. சேர்த்துப் பார்த்தாலும் ஒருமுறை ஆள் வைத்து மரமேறி மருந்து கட்டும் செலவை விடக் குறைவுதான். எங்கள் அப்பத்தா குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “காசு குடுத்துக் குளவிய வாங்கியாந்து விடுற ஆளை இப்பத்தான்டா பாக்குறேன்” என்றார்கள்.

விடுவதற்கு முன் ஒரு குப்பியை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொண்டேன். சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உள்ளே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்ற பழைய ஆய்வகப் பழக்கம். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்றும், கணினியில் செருகும் மலிவு விலை டிஜிட்டல் மைக்ரோஸ்கோப் ஒன்றும் என்னிடம் இருந்தன. அந்த மைக்ரோஸ்கோப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அட்டைப் பெட்டியில் 1000 மடங்கு என்று அச்சிட்டிருக்கும். அதை நம்பி வாங்காதீர்கள். திரையில் படம் விரிவதைத்தான் அந்த எண் சொல்கிறது, நுணுக்கம் கூடுவதைச் சொல்வதில்லை. இருந்தாலும் 3 மில்லிமீட்டர் அளவுள்ள குளவியைக் குடும்பம் பிரித்துப் பார்க்க அந்தக் கருவியே போதும். குப்பியைக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபெட்டியில் சில நிமிடங்கள் வைத்தால் குளவிகள் அசைவற்றுப் போகும். வெள்ளைத் தாளில் கொட்டி, அவை மறுபடி எழுந்து ஓடுவதற்குள் பார்த்துவிடலாம்.

லென்ஸில் தெரிந்ததை எழுதுகிறேன். உடல் முழுவதும் பளபளக்கும் கறுப்பு. கால்களும் உணர்கொம்பும் மட்டும் மங்கிய மஞ்சள் பழுப்பு. தலை தட்டையாக இருக்கும். அதைவிட முக்கியம், வாய் கீழே பார்க்காமல் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். புழுவின் நூல் கூட்டுக்குள் நுழைந்து செல்லும் பூச்சிக்கு அந்தத் தலை ஏன் தேவை என்பது பார்த்தவுடனே புரிந்துவிடும். உளி போல முன்னால் போகிறது. உணர்கொம்பு குட்டை; எண்ணிப் பார்த்தால் 13 கணுக்கள். பெத்திலிட் குடும்பத்தின் பொதுக் குறி அது. முன்சிறகைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பிடித்தால், நரம்புகள் சிறகின் முன் விளிம்பை ஒட்டியும் அடிப்பகுதியிலும் மட்டுமே இருக்கும்; வெளிப் பாதி ஏறக்குறைய வெறும் கண்ணாடி. வால் முனையில் எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது. கொடுக்கு உண்டு, ஆனால் கொட்டும்போதுதான் வெளியே வரும். இத்தனைக்கும் மேலாக நடை ஒன்று இருக்கிறது: இந்தக் குளவி தாளில் எழுந்ததும் பறப்பதில்லை, எறும்பு போல ஓடுகிறது. தூரத்திலிருந்து பார்த்தவர்கள் கறுப்பு எறும்பு என்றே சொல்வார்கள். அப்பத்தாவும் அப்படித்தான் சொன்னார்கள்.

இந்த இனத்துக்கு அறிவியல் பெயர் கொடுத்து 1934-ஆம் ஆண்டில் விவரித்தவர் அமெரிக்கப் பூச்சியியலாளர் மூஸ்பெக். பெயரின் பின்பாதியில் ஒரு சின்ன வரலாறு ஒளிந்திருக்கிறது. கருந்தலைப் புழுவின் அந்துப்பூச்சிக்கு அப்போது நெஃபாண்டிஸ் செரினோபா என்று பெயர். ‘நெஃபாண்டிஸின் மேல் வாழ்வது’ என்ற பொருளில் குளவிக்கு நெஃபாண்டிடிஸ் என்று பெயர் வைத்தார்கள். பிறகு அந்த அந்துப்பூச்சியை 1864-லேயே வாக்கர் என்பவர் ஒபிசினா அரினோசெல்லா என்று விவரித்துவிட்டார் என்பது தெளிவானதும், முந்திய பெயரே செல்லும் என்ற விதிப்படி நெஃபாண்டிஸ் வழக்கொழிந்தது. புழுவின் பெயர் மாறிய பிறகும் குளவி மட்டும் பழைய பெயரையே சுமந்துகொண்டு திரிகிறது. வீடு கைமாறிப் பல காலம் ஆன பின்பும் பழைய விலாசத்தைச் சொல்லியே ஆளை அடையாளம் காட்டும் எங்கள் ஊர் வழக்கம் நினைவுக்கு வந்தது.

மீதி ஏழு குப்பிகளைச் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் விட்டோம். உச்சிக் கொண்டையில் விடக்கூடாது. அங்கே சிலந்திகளும் கொலைகாரப் பூச்சிகளும் குளவியைப் பிடித்துத் தின்றுவிடும். புழு தின்றுகொண்டிருக்கும் அடி மட்டைகளின் பக்கத்தில், கைக்கெட்டும் உயரத்துக்கு ஏறி, பஞ்சை எடுத்துவிட்டுக் குப்பியைச் சாய்த்துப் பிடித்தால் போதும், அவையே ஓடி ஏறிக்கொள்ளும். விடுவதற்கு முன் புழுவின் எச்சமும் கூடும் உள்ள காய்ந்த கீற்றை ஓரிரு நாட்கள் குப்பிக்குள் வைத்திருந்தால் குளவி அந்த மணத்துக்குப் பழகிக்கொண்டு தோப்பில் விரைவாகத் தேடும் என்பது நிபுணர்கள் தரும் யோசனை. உற்பத்திக்கூடத்தில் இந்தக் குளவியை வளர்ப்பது பெரும்பாலும் அரிசி அந்துப்பூச்சியின் புழுவில்தான். தென்னங்கீற்றின் வாசனையே தெரியாமல் வளர்ந்த பூச்சிக்கு அந்த ஓரிரு நாள் பாடம் தேவை என்பதை நான் நியாயமாகவே கருதுகிறேன். இந்தக் குறிப்பு அவர்கள் அனுப்பிய சீட்டில் இல்லை. இருந்திருக்க வேண்டும்.

தனியே வைத்த குப்பியிலிருந்து ஒரு பெண் குளவியை எடுத்து, தோப்பில் பிடித்த நடுத்தர அளவுப் புழு ஒன்றோடு வேறு குப்பியில் போட்டேன். முதல் ஐந்து நிமிடம் புழு வாலை அடித்துக்கொண்டு புரண்டது. குளவி அதன் தலைக்குப் பின்னால் தொங்கிப் பிடித்துக்கொண்டு, வயிற்றை வளைத்துக் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் புழு அடங்கிவிட்டது. சாகவில்லை, அசைவு மட்டும் நின்றது. மறுநாள் காலையில் லென்ஸை வைத்தபோது புழுவின் முதுகுப் பக்கத்தில் முத்துப் போன்ற முட்டைகள் வரிசையாக ஒட்டியிருந்தன, எண்ணினேன், பதினொன்று. புழு பெரிதாக இருந்தால் இந்த எண்ணிக்கையும் கூடும். அடுத்தடுத்த நாட்களில் முட்டைகள் வெடித்து, குஞ்சுகள் புழுவின் தோலில் தலையைப் பதித்து உறிஞ்சிப் பருத்தன. புழு வற்றிய பை போலச் சுருங்கியது. என்னை உட்கார்ந்து பார்க்க வைத்தது தாய்க் குளவிதான். அது அந்த இடத்தை விட்டு நகரவில்லை. குப்பியின் பஞ்சை லேசாக அசைத்தால் ஓடிவந்து வாயைப் பிளந்து நிற்கும், மறுபடி குஞ்சுகளிடம் போய்விடும். வேறொரு பெண் குளவியை உள்ளே விட்டபோது இரண்டும் கட்டிப் புரண்டு சண்டையிட்டன. ஏனென்றால் வந்தவள் வென்றால் இருக்கும் முட்டைகளை அழித்துவிட்டுத் தன்னுடையதை இடுவாள். நான் புதியவளை எடுத்துவிட்டேன். குஞ்சுகள் வளர்ந்து, புழுவின் தோலுக்குப் பக்கத்திலேயே பழுப்பு நூல் கூடுகளைக் கொத்தாகக் கட்டி முடிக்கும் வரை தாய் அங்கேயே காவல் நின்றது. இரண்டு வாரத்துக்குள் ஒன்பது குளவிகள் வெளியே வந்தன: எட்டுப் பெண், ஒரே ஒரு ஆண். இந்த இனத்தில் பெண் பெருத்திருப்பதுதான் இயல்பு; கருவுறாத முட்டை ஆணாகவும் கருவுற்றது பெண்ணாகவும் ஆவதால், எத்தனை ஆண் வேண்டும் என்பதைத் தாயே ஏறக்குறையத் தீர்மானித்துவிடுகிறது.

இப்போது குறைக்கு வருகிறேன். ஒரு மாதம் கழித்து, சித்திரை வெயிலில், இரண்டாவது தவணையாக எட்டுக் குப்பிகள் வரவழைத்தேன். பொதி பிற்பகல் இரண்டரை மணிக்கு வந்தது. ஐஸ் பை வெந்நீர்ப் பை போலிருந்தது. ஒரு குப்பியைக் கொட்டி எண்ணினேன்: சீட்டில் நூறு, உள்ளே 88, அதில் உயிரோடு 71. இதைக்கூட வெயிலின் கணக்கில் எழுதிவிடலாம். ஆனால் வெள்ளைத் தாளில் கிடந்தவற்றைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. ஒன்றுகூடக் கறுப்பில்லை. தேன் நிறமும் பழுப்புத் திட்டுமான உடல். தலை கீழே பார்த்த வாய். முன்சிறகில் கறுத்த முக்கோணப் புள்ளி ஒன்றும், அதற்குக் கீழே நரம்புகள் சூழ்ந்த அறைகள் பலவும். பெண்களின் வால் முனையில் குச்சி போல நீட்டிக்கொண்டிருக்கும் முட்டையிடு குழல். எழுந்தவுடன் ஓடவில்லை, பறந்தன. அவற்றில் மூன்று, ஜன்னல் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டன. இது பிராக்கான் பேரினத்துக் குளவி, பிராக்கோனிட் குடும்பம். எட்டுக் குப்பியிலும் அதே. எட்டுச் சீட்டிலும் கோனியோசஸ்.

பிராக்கான் என்பதோடு நான் நிறுத்திக்கொண்டேன். அந்தப் பேரினத்துக்குள் ஹெபிட்டர், பிரெவிகார்னிஸ் ஆகிய இனங்களில் எது என்று பிரிப்பது கைலென்ஸும் மலிவு மைக்ரோஸ்கோப்பும் வைத்திருப்பவன் செய்யக்கூடிய வேலை இல்லை. அதற்குச் சிறகையும் உணர்கொம்பையும் ஸ்லைடில் ஏற்றிப் பார்க்கும் வகைப்பாட்டியலாளர் வேண்டும். சில குளவிகளை 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு, தேதியும் இடமும் பென்சிலால் எழுதிய சீட்டை உள்ளேயே வைத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறேன். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். பென்சில் எழுத்து அப்படியே நிற்கும்.

நிறுவனத்துக்கு அன்றே போன் செய்தேன். எடுத்தவர் முதலில் நம்பவில்லை. படங்களை அனுப்பிய பிறகு, “ரெண்டும் கருந்தலைப் புழுவுக்குத்தான் சார், ரெண்டும் ஒரே வேலையைத்தான் செய்யும்” என்றார். இதில் பாதி உண்மை உண்டு, அதனால்தான் இதை விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. பிராக்கானும் கருந்தலைப் புழுவைக் கொட்டி மயக்கும், அதன் மேல் முட்டையிடும்; பரிந்துரைகளிலும் அதற்கு இடம் உண்டு. ஒரு வகையில் அது தாராளமானது: தான் முட்டையிடப் போவதைவிட அதிகமான புழுக்களைக் கொட்டிப் போட்டுவிடும், அந்தப் புழுக்கள் பிறகு எழுவதில்லை. ஆனால் கோனியோசஸ் போலக் குஞ்சுகளுக்குக் காவல் நிற்பதில்லை. முட்டையிட்டுவிட்டு அடுத்த புழுவைத் தேடிப் போய்விடும். மரம் ஒன்றுக்கு கோனியோசஸ் 20 என்றால் பிராக்கான் பிரெவிகார்னிஸ் 30 என்பது பரிந்துரைக் கணக்கு. நான் வாங்கியது 20 கணக்கில். அதாவது சீட்டை நம்பி விட்டிருந்தால், வேறு குளவியை, மூன்றில் இரண்டு பங்கு அளவில், அதுவும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவாக வந்த குப்பியிலிருந்து விட்டிருப்பேன். பிறகு புழு அடங்காதபோது, ‘கோனியோசஸ் எங்கள் பக்கத்து வெயிலுக்கு ஆகாது’ என்று நானே ஊரெல்லாம் சொல்லியிருப்பேன். உயிரியல் முறைகளைப் பற்றி டீக்கடையில் கேட்கும் பல ‘ஆகாது’களுக்குப் பின்னால் இப்படியொரு தவறான சீட்டு இருக்கலாம் என்று இப்போது சந்தேகிக்கிறேன்.

நிறுவனத்துக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்கிறேன். மறுநாள் அவர்களுடைய மேற்பார்வையாளர் தானாகவே அழைத்தார். ஒரே அறையில் இரண்டு இனங்களையும் அரிசி அந்துப்பூச்சிப் புழுவில் வளர்க்கிறார்கள். கோனியோசஸ் வளர்ப்புத் தட்டுகளுக்குள் பிராக்கான் நுழைந்து பெருகிவிட்டது என்று ஒப்புக்கொண்டார். இது கேட்பதற்கு அலட்சியம் போலத் தோன்றினாலும், ஒரே உணவுப் புழுவில் இரண்டு ஒட்டுண்ணி வளர்க்கும் இடத்தில் எப்போதும் இருக்கும் ஆபத்து. பறப்பதில் கெட்டி பிராக்கான் என்பதால் மெல்லிய வலையின் ஒரு கிழிசல் போதும். பணம் திருப்பித் தரவில்லை. புதிய எட்டுக் குப்பிகளைத் தங்கள் செலவில் அனுப்பினார்கள், இந்த முறை இரவுப் பேருந்து பார்சலில். காரைக்குடி பேருந்து நிலையத்தில் காலை ஆறு மணிக்கு நானே போய் வாங்கிக்கொண்டேன். எட்டும் கோனியோசஸ், எண்ணிய குப்பியில் 97, செத்தது மூன்று. சீட்டில் குளவி வெளிவந்த தேதியும் இருந்தது. அதை நான்தான் கேட்டிருந்தேன்.

வந்த பிராக்கான்களை வீணாக்கவில்லை. ஓரமாக இருந்த, தாக்குதல் மிகுந்த பதினைந்து மரங்களில் விட்டோம். மீதி இருபத்தைந்தில் புதிய கோனியோசஸ். ஆனி மாதத் தொடக்கத்தில் இரு பகுதியிலும் மட்டை வெட்டிப் பார்த்தேன். கோனியோசஸ் விட்ட மரங்களில் பழைய கூடுகளைப் பிரித்தால் சுருங்கிய புழுத் தோலும் அதன் பக்கத்தில் பழுப்புக் கூட்டுக் கொத்தும் அடிக்கடி கிடைத்தன. உயிருள்ள புழு அரிதாகவே கிடைத்தது. பிராக்கான் பகுதியிலும் புழு குறைந்திருந்தது, ஆனால் அந்த அளவுக்கு இல்லை. இது பரிசோதனை ஆகாது. மரங்கள் ஒரே மாதிரி இல்லை, விட்ட எண்ணிக்கையும் ஒன்றில்லை. என் தோப்பில் கண்டது என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக விரிந்த மட்டைகள் இரண்டு பகுதியிலும் பச்சையாகவே இருக்கின்றன.

வாங்க நினைப்பவர்களுக்கு என் கணிப்பு: பொருள் நல்லது, விலை நியாயம், சேவை போன் செய்தால் மட்டும் நல்லது. மார்ச்சுக்குப் பிறகு கூரியரில் வரவழைக்காதீர்கள். இரவுப் பேருந்து பார்சலைக் கேளுங்கள். பரிந்துரைப்படி ஜனவரியிலிருந்தே விடத் தொடங்கினால் இந்த வெயில் தொல்லையே இல்லை. நான் மாசிக் கடைசியில் விழித்துக்கொண்டது என் தவறு. குளவி விட்ட தோப்பில் பூச்சிமருந்து தெளித்தால் குளவியும் போய்விடும். உங்கள் பகுதி வேளாண் விரிவாக்க மையத்தில் அரசு ஒட்டுண்ணி வளர்ப்பு மையத்திலிருந்து கிடைக்குமா என்றும் கேட்டுப் பாருங்கள். பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் இத்தகைய ஒட்டுண்ணிகளின் சுத்தமான வளர்ப்பை வைத்திருக்கிறது. தனியாரிடம் வாங்கினால், தாய் வளர்ப்பு எங்கிருந்து எடுத்தது, கடைசியாக எப்போது புதுப்பித்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் நான் வாங்கமாட்டேன்.

ஐந்து நட்சத்திரத்தில் மூன்றரை கொடுக்கிறேன். அரை நட்சத்திரம் வெயிலில் போனது, ஒன்று சீட்டில் போனது. தை பிறந்ததும் அடுத்த தவணைக்குச் சொல்லியிருக்கிறேன். எட்டுக் குப்பியில் ஒன்று எனக்கு, லென்ஸுக்கு. அப்பத்தா இப்போதெல்லாம் பொதி வந்தவுடன் கேட்கும் முதல் கேள்வி, “ஓடுதா, பறக்குதா?” என்பதுதான்.